குடத்தில் யாருடைய பெயர் இல்லை? தொடக்க வகுப்பில் வரலாறு கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உத்திரமேரூர்க் குடவோலை முறையை "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் தேர்தல் நடத்தினார்கள்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவது, தொடக்கப் பள்ளி வரலாற்று வகுப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. அந்த வரியைக் கேட்ட குழந்தை, இன்றைய வாக்குச்சாவடி அன்றும் அப்படியே இருந்ததாக எண்ணிக்கொள்கிறது.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் கூறுவது வேறு. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகியவை இரண்டாம் கல்வெட்டு கூறும் தகுதிகள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. பெண்களுக்கும் நிலமில்லாத உழவர்களுக்கும் அதில் இடமில்லை.

எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு வேண்டாம் என்று சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. வகுப்பில் ஒரு குடத்தை வைத்துச் சீட்டுப் போட்டு ஒரு மாணவனை எடுக்கச் சொல்லிவிட்டு, "யாருடைய பெயர் இந்தக் குடத்தில் இல்லவே இல்லை?" என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் பதில் சொல்பவர்கள் பெண் குழந்தைகளாகவே இருப்பார்கள்.

கால உணர்வு உருவாகும் முன்பே ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்வது அடுத்த தவறு. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு 1010 என்பதும் 1947 என்பதும் வெறும் எண்களே. ஓராண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டால், குழந்தையின் வயது எட்டு சென்டிமீட்டரிலும், பாட்டியின் வயது முழங்கை நீளத்தைத் தாண்டியும், நாடு விடுதலை பெற்ற ஆண்டு ஒரு மீட்டருக்குள்ளும் வந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ பத்து மீட்டருக்கு மேல் நடந்து, வகுப்பறையைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும்.

அக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் ஆசிரியர்கள் சிலர் சொல்லித் தருகிறார்கள். நிழல் விழத்தான் செய்கிறது. பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, காலையிலும் நண்பகலிலும் நிழலை அளந்து பார்த்த குழந்தை, தானே அக்கூற்றைச் சந்தேகிக்கத் தொடங்கும். கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையை விலக்க வேண்டியதில்லை. அது கதை என்று சொல்லிவிட்டுச் சொன்னால் போதும்.

மாறுவேடப் போட்டியிலும் இதே குழப்பம் நேர்கிறது. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் சொற்கள் என்று குழந்தைகள் முழங்குவது, 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் வசனம். வசனத்தைப் பேசட்டும், ஆனால் அதை எழுதியவர் நம் காலத்துக் கதாசிரியர் என்பதைப் பேசும் குழந்தை அறிந்திருக்க வேண்டும்.

கல்விச் சுற்றுலாவில், குடவோலைக் கல்வெட்டுகள் உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரருகே நிற்கும் குழந்தைகளிடம் உடனே குறிப்பேட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சுவரில் தமக்குத் தெரிந்த எழுத்து எங்கேனும் இருக்கிறதா என்று முதலில் தேடட்டும். 'ப'வையோ 'ட'வையோ யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.