கொசுறும் காகமும்: சென்னை வாழ்வில் இறைவனின் பாடங்களைப் படிக்கும் முறை

மேற்கிலிருந்து மேகம் எழக் கண்டதும் மழை வருமென்று சொல்லத் தெரிந்த மக்கள், தாங்கள் வாழும் காலத்தை ஆராய்ந்தறியாமல் இருப்பதேன் என்று லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்கிறார். பாலஸ்தீனத்துக்கு மேற்கே மத்தியதரைக் கடல் இருப்பதால் அங்கே மழை மேற்கிலிருந்து வந்தது. சென்னையிலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை கிழக்கே வங்கக் கடலிலிருந்து ஏறி வருகிறது. ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு இறங்கும் மழைதான் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. இந்த வேறுபாட்டைக் கவனித்தவர், அந்த வசனத்தைத் தம் வீட்டு மொட்டைமாடியில் நின்று படிக்கத் தொடங்கிவிட்டார் என்று சொல்லலாம்.

ஞாயிறு திருப்பலியில் தவறாமல் பங்கேற்றும், திங்கள் காலை மின்சார ரயிலில் ஏறியதுமே அந்தத் திருப்பலிக்கும் தம் வாழ்வுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுவதாக உணரும் கத்தோலிக்கருக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். மலைவாசத் தலத்தில் மூன்று நாள் தியானம் செய்வது நல்லதுதான். ஆனால் அன்றாடம் காண்பவற்றில் இறைவனின் பாடத்தைப் படிக்க அது தேவையில்லை. நாள்தோறும் கால் மணி நேரம், ஒரு சிறு குறிப்பேடு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருவிவிலியம் ஆகியவை போதும்.

தொடங்குமுன் அடித்தளத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. படைப்பின் பெருமையையும் அழகையும் கொண்டு படைத்தவரை உணரலாம் என்று சொல்லும் சாலமோனின் ஞானநூல் 13ஆம் அதிகாரம், அந்த அழகில் மயங்கிப் படைப்பையே கடவுளாகக் கொண்டவர்களையும் கடிந்துகொள்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். 1226ஆம் ஆண்டில் இறந்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், ஞாயிற்றைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்துப் பாடியபோதும் புகழ் முழுவதையும் இறைவனுக்கே செலுத்தினார். அப்பாடலின் சொற்களையே தலைப்பாகக் கொண்டு 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், ஓர் இலையிலும் மலைப்பாதையிலும் பனித்துளியிலும் ஏழை ஒருவரின் முகத்திலும் மறைபொருள் உண்டு என்கிறது. அந்த வரிசை ஏழையின் முகத்தில் முடிவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இலையையும் பனித்துளியையும் வியந்துவிட்டு, சிக்னலில் கையேந்தி வருபவரைக் கண்டதும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவர் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டவர்.

முதலில் பொருளைப் பாருங்கள்

பாடத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ற பொருளைத் தேடுவதே இதில் நேரும் பெரிய தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பொன்றில், காகம் திருட்டும் தந்திரமும் நிறைந்த பறவை, அதைப்போல் இருக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி எழுந்து, "சார், எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தது காகந்தானே?" என்று கேட்டாள். இறைவாக்கினர் எலியாவின் கதை வரும் அரசர்கள் முதல் நூலின் 17ஆம் அதிகாரத்தை நான் பலமுறை படித்திருந்தும் அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. என் கையில் ஆயத்தமாக ஒரு நீதி இருந்தது; அதற்குள் காகத்தைத் திணித்திருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் காலையில் மொட்டைமாடியில் சோறு வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். முதலில் வந்த காகம் சோற்றைத் தொடாமல் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து கரைந்தது. மற்றவை வந்த பிறகே உண்டது. இதைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள், ஆயினும் கண்ணால் பார்ப்பது வேறு. பிறகு நற்செய்தியைத் திறந்தபோது, மத்தேயு பொதுவாக வானத்துப் பறவைகள் என்று எழுதும் இடத்தில் லூக்கா குறிப்பாகக் காகங்கள் என்றே எழுதியிருப்பதைக் கண்டேன். லேவியர் நூல் 11ஆம் அதிகாரத்தின்படி காகம் தீட்டான பறவை. விதைக்காமலும் அறுக்காமலும் உண்ணும் உயிருக்கு எடுத்துக்காட்டாக இயேசு காட்டியது, அவரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டில் வைக்கத் துணியாத பறவையை. கடவுள் அதற்கும் உணவளிக்கிறார் என்பதே அங்குள்ள செய்தி. வகுப்பில் நான் சொன்ன நீதிக்கு இது நேர் எதிரானது.

ஆகவே முதல் பயிற்சி இது: நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒரே பொருளைப் பார்த்து, கண்ட மூன்று செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். "வேப்பமரம் அழகாக இருந்தது" என்பது கண்ட செய்தி ஆகாது. "வேம்பின் இளந்தளிர்கள் செம்பழுப்பாக உள்ளன" என்பது ஆகும். முதல் வாரத்தில் பாடம் எதையும் எழுத வேண்டாம்.

சந்தையும் சமையலறையும்

மத்தேயு நற்செய்தியில் காசு ஒன்றுக்கு இரண்டு குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி இரண்டு காசுக்கு நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது குருவி என்ன என்று சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது கொசுறு. கோயம்பேட்டில் எடுத்த காய்களைத் தள்ளுவண்டியில் வைத்து விற்கும் அம்மா, பையைக் கொடுக்குமுன் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே போடுகிறாரே, அதுதான். விலையே இல்லாத அந்த ஐந்தாவதும் உட்பட, அவற்றுள் ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொல்கிறார். பல உரைகளை விடக் கொசுறு என்ற ஒரு தமிழ்ச் சொல் இந்த வசனத்தைத் தெளிவாக்குகிறது என்பது என் கருத்து.

இனி அடுத்த முறை கறிவேப்பிலை பையில் விழும்போது, உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் யார் கொசுறாக நடத்தப்படுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். திருமண வீட்டுக்குக் கூடவே அழைத்துச் சென்று ஒரு மூலையில் உட்கார வைக்கப்படும் பாட்டியாக இருக்கலாம். நாள்தோறும் நம் தெருவைப் பெருக்கியும் நமக்குப் பெயர் தெரியாத தூய்மைப் பணியாளராக இருக்கலாம். ஒரு பெயரை எழுதி, அந்த வாரத்துக்குள் அவருக்காகச் செய்யப்போகும் ஒரு செயலையும் எழுதுங்கள். கொசுறை அதட்டிக் கேட்டு வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதைப் பற்றியும் ஒரு வரி எழுதுவது நேர்மை.

சமையலறையைக் குறித்து, பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்று அவிலா நகர்ப் புனித தெரேசா தம் மடத்துத் துறவுச் சகோதரிகளுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். நம் சமையலறையில் புளித்து எழும் பொருள் இட்லி மாவு. அதைப் பார்த்ததும் மத்தேயு 13ஆம் அதிகாரத்துப் புளிப்பு மாவு உவமை நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் இங்கே ஒரு கவனம் வேண்டும். உவமையில் ஒரு பெண் புளிப்பு மாவை வெளியிலிருந்து எடுத்து மூன்று மரக்கால் மாவில் கலக்கிறாள். இட்லி மாவில் நாம் அப்படி எதையும் சேர்ப்பதில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்களே ஊறவைத்து, அரைத்து, காத்திருந்தால் வேலை செய்யத் தொடங்குகின்றன. எனவே இட்லி மாவுக்குப் பொருத்தமான இடம், உன்னுள் இருக்கும் கடவுளின் அருள்கொடையைத் தூண்டி எழுப்பு என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரம். திருமுழுக்கிலும் உறுதிப்பூசுதலிலும் பெற்றது உள்ளே இருக்கிறது. ஊறுவதற்கு நேரம் கொடுத்தோமா என்பதே கேள்வி. மார்கழிக் குளிரில் மாவு எளிதில் பொங்காது. அதற்காக மூடியை மணிக்கொருமுறை திறந்து பார்ப்பதால் பயனில்லை என்பதையும், சற்றே வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் பயனுண்டு என்பதையும் வீட்டில் மாவரைப்பவர்கள் அறிவார்கள். வறட்சியான செபக்காலத்தைக் கடந்துகொண்டிருப்பவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

திருவழிபாட்டு ஆண்டும் நம் பருவங்களும்

நாம் வாசிக்கும் பக்தி எழுத்துகளில் பெரும்பகுதி ஐரோப்பியப் பருவங்களில் பிறந்தது. அதனால்தான் டிசம்பரில் வியர்வை வழிய நின்று, மாட்டுக்கொட்டகைக் குடிலின் மேல் பஞ்சைப் பனியாகத் தூவுகிறோம். பெத்லகேம் குழந்தைக்கு அதனால் தீங்கொன்றும் இல்லை. ஆனால் நம் பருவங்கள் நமக்குச் சொல்வதைக் கேட்காமல் போவது இழப்பு. தவக்காலத்தில் சென்னைத் தெருக்களின் புங்க மரங்களைப் பாருங்கள். இலைகளை உதிர்த்து வெறுங்கிளையாக நிற்கும் மரம், வெயில் ஏறிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில், மழை ஏதும் இல்லாமலே இளம்பச்சையாகத் துளிர்த்துவிடுகிறது. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி வேம்பு பூக்கிறது. பூவின் சுவை கசப்பு, அதன் மணமோ இனிமை. பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் இதைவிட அருகிலான சாட்சியை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தில், வானங்கள் நீதியை மழையெனப் பொழியட்டும் என்ற எசாயா 45ஆம் அதிகாரத்தின் மன்றாட்டைத் திருஅவை மேற்கொள்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த நகரமும் இதுதான். 2015இல் திருவருகைக்காலத்தின் முதல் வாரத்திலேயே வெள்ளத்தில் மூழ்கிய நகரமும் இதுதான். மழைக்காக மன்றாடுவதன் எடையை இரு பக்கமும் அறிந்தவர்கள் என்பதால், அந்த மன்றாட்டை நாம் வாயளவில் சொல்ல முடியாது.

கிடைத்த பாடத்தைச் சோதியுங்கள்

மனத்தில் தோன்றுவதெல்லாம் இறைவனின் பாடம் ஆகிவிடாது. அடையாறு ஆலமரத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 450 ஆண்டு வயதுடையதாகச் சொல்லப்படும் அம்மரத்தின் தாய்த்தண்டு 1989இல் புயற்காற்றில் சாய்ந்தது. விழுதுகளே இன்று மரமாக நிற்கின்றன. தண்டு போனாலும் கிளை தனியே நிற்கும், ஆகையால் திருஅவை இல்லாமலே நான் விசுவாசத்தில் நிற்கலாம் என்று ஒருவர் இதிலிருந்து முடிவு செய்யக்கூடும். யோவான் 15ஆம் அதிகாரமோ, கிறிஸ்துவாகிய கொடியில் நிலைத்திராத கிளை கனி தராது என்கிறது. மரம் ஒன்றையும் மறைநூல் வேறொன்றையும் சொல்வதாகத் தோன்றினால், நாம் மரத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று கொள்வதே முறை. மீண்டும் பார்த்தால், அவ்விழுதுகள் தாய்த்தண்டு உயிரோடு இருந்தபோதே அதன் உயிரைப் பெற்று நிலத்தில் இறங்கியவை. மரம் இன்றும் ஒன்றே. மரபுப்படி கி.பி. 72இல் பரங்கிமலையில் உயிர் நீத்த திருத்தூதர் தோமாவிடமிருந்து தொடங்கிய விசுவாசம் சாந்தோமில் இன்றும் அறிக்கையிடப்படுவதை விளக்க, இந்த இரண்டாவது வாசிப்பு உதவுகிறது.

சோதிக்க ஒரே ஒரு கேள்வியைச் சொல்லச் சொன்னால், இந்தப் பாடம் என்னிடம் எதையாவது கேட்கிறதா, அல்லது அடுத்த வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்கிறதா என்பதையே சொல்வேன். இனிமையாக இருப்பதும் சான்றாகாது. நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகிறார்கள். குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திசையை நோக்கியே நகரும். இயற்கையில் அது கடலின் தொடுவானம், நகரத்திலோ தெருவிளக்கு. குஞ்சின் உள்ளுணர்வில் பிழையில்லை, வெளிச்சத்தில்தான் பிழை. சாத்தானும் ஒளியின் தூதராக வேடமிடுவான் என்று பவுல் எழுதியதையும், நல்லதாகத் தோன்றும் தூண்டுதலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஆராயும்படி இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வற்புறுத்தியதையும் அந்தக் கடற்கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். ஐயம் நீடித்தால் ஆன்ம வழிகாட்டியிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள்.

பிறருடைய துன்பத்திலிருந்து அவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். சிலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே விடையும் சொல்லிவிட்டார். வெள்ளத்தில் வீட்டை இழந்தவரிடம் இதில் கடவுளின் நோக்கம் உண்டு என்று சொல்வதைவிட, சேறு வாரப் போவது மேல்.

இரவுக் கணக்கு

பகலில் கண்டதை இரவில் இறைவன் முன் வைக்க, இஞ்ஞாசியாரின் ஆன்மசோதனை முறையே போதுமானது. அது இடம்பெறும் ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றன. நன்றி சொல்லி, தெளிவு வேண்டி, நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, பிழைக்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கு ஒன்றைத் தீர்மானித்து முடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. களைப்பில் தூங்கிவிட்டால் மறுநாள் ரயிலில் செய்யலாம்.

பங்கின் அண்டைக் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடும் அன்பியக் கூட்டத்தில் பகிர்வதானால், கண்டதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மற்றவர்கள் அதில் காண்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பேட்டை ஆண்டுக்கு இருமுறை, தவக்காலத்திலும் திருவருகைக்காலத்திலும், முதலிலிருந்து படியுங்கள். எந்தப் பாடமும் கிடைக்காத குறிப்புகள் பல இருக்கும். அவற்றின் கீழே இடம் விட்டு வையுங்கள். புங்க மரத்தைப் பற்றி நான் எழுதிய வரிக்குக் கீழே இரண்டு தவக்காலங்கள் வெற்றிடமாகவே இருந்தன.