பாதுகாப்பு கவுன்சிலுக்குக் காலநிலைக் குறிப்பு எழுதுவது எப்படி

2017 மார்ச் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், சாட் ஏரிப் படுகை பற்றிய 2349ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. தண்ணீர்த் தட்டுப்பாடு, வறட்சி, பாலைவனமாதல், நிலச்சீரழிவு, உணவுப் பற்றாக்குறை என்று அடுக்கி, இவற்றின் வழியாகக் காலநிலை மாற்றம் அந்தப் பகுதியின் நிலைத்தன்மையைக் குலைக்கிறது என்று அதன் 26ஆவது பத்தி ஒப்புக்கொள்கிறது. ரஷ்யாவும் சீனாவும் ஆதரித்தே வாக்களித்தன. 2021 டிசம்பர் 13 அன்று அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த வரைவுக்கு 113 நாடுகள் இணை முன்மொழிவு, 15இல் 12 வாக்கு ஆதரவு. ஆனாலும் ரஷ்யாவின் வீட்டோவில் அது விழுந்தது. இந்தியா எதிர்த்தது, சீனா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

முதல் வரைவு ஓர் ஏரியைப் பற்றியது. இரண்டாவது, உலகத்தின் எல்லாப் பூசல்களுக்கும் சேர்த்து ஒரே விதி போட முயன்றது. காலநிலை, அமைதி, பாதுகாப்பு மூன்றையும் இணைத்துக் குறிப்பு எழுத உட்காரும் இளம் தூதரக அதிகாரி, தொண்டு நிறுவன ஆய்வாளர், மாதிரி ஐ.நா. மாணவர் யாராக இருந்தாலும் இந்த இரண்டு வாக்கெடுப்புகளையும் மேசையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இடத்தைச் சுருக்குங்கள்

‘ஆப்பிரிக்காவில் காலநிலையும் மோதலும்’ என்று தலைப்புப் போட்டால் குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். ‘சாட் ஏரி’ என்பதும் இன்னும் பெரிதுதான். நான்கு நாடுகள் கரை பங்கிடும் ஏரி அது. மாவட்டம் அளவுக்கு இறங்குங்கள். எடுத்துக்காட்டுக்கு, கேமரூனின் தூர வடக்கு மாநிலத்தில் உள்ள லோகோன் ஆற்று வெள்ளச் சமவெளி.

அங்கே முஸ்கும் மீனவர்கள் ஆற்றிலிருந்து வாய்க்காலும் குழியும் வெட்டி வைப்பார்கள். வெள்ளம் வடியும்போது மீன் அதில் தங்கும். அதே சமவெளியில் ஷுவா அரபு மேய்ப்பர்களின் மாடுகள் புல்லுக்கும் தண்ணீருக்கும் வரும். வெட்டிய குழியில் மாடு விழுந்தால் சண்டை. 2021 ஆகஸ்டில் ஒருமுறை வெடித்து, டிசம்பரில் மறுபடி வெடித்தது. குறைந்தது ஒரு லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள் என்று ஐ.நா. அகதிகள் முகமை அப்போது சொன்னது. பெரும்பகுதியினர் ஆற்றைக் கடந்து சாட் நாட்டுக்குள் போனார்கள். எல்லை தாண்டியதும் அது சர்வதேச அமைதி சார்ந்த விஷயமாகிறது. கவுன்சிலிடம் பேசுவதற்கான உரிமை உங்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கட்டுங்கள்

‘மழை குறைந்தது, அதனால் மோதல் வந்தது’ என்ற வாக்கியத்தை எழுதவே எழுதாதீர்கள். நடுவில் குறைந்தது நான்கு கண்ணிகள் இருக்கும். லோகோனில் அவை இப்படி: வெள்ளத்தின் அளவும் காலமும் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்க மீனவர்கள் கூடுதலாக வாய்க்கால் வெட்டுகிறார்கள், மாட்டு வழித்தடம் அறுபடுகிறது, தகராறைத் தீர்க்கும் உள்ளூர்த் தலைமையின் சொல் எடுபடுவதில்லை, ஆயுதம் எளிதாகக் கிடைக்கிறது.

ஒவ்வொரு கண்ணிக்கும் எதிரே நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எப்போது நடந்தது? எந்தத் தரவு சொல்கிறது? எவ்வளவு உறுதி? அதை அறுக்கும் அதிகாரம் யார் கையில்? நான்காவது கேள்விக்கு விடை இல்லாத கண்ணி ஆய்வுக் கட்டுரைக்குப் பயன்படலாம், தூதருக்குப் பயன்படாது.

காலநிலை இழுக்காத கண்ணிகளையும் மறைக்காமல் காட்டுங்கள். லோகோன் சமவெளியின் வெள்ளம் குறைந்ததற்கு 1979இல் நெல் சாகுபடிக்காகக் கட்டிய மாகா அணையும் ஒரு காரணம். அதை விட்டுவிட்டு எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டால், எதிரணித் தூதர் முதல் கேள்வியிலேயே உங்கள் குறிப்பை மூடிவிடுவார். அணையைச் சொன்னால் பரிந்துரைக்கும் வழி பிறக்கும்: தண்ணீர் திறக்கும் நாளை மாற்றச் சொல்லலாம். மழையை யாரும் திறந்துவிட முடியாது.

இந்த இடத்தில் இரண்டு பழைய சறுக்கல்களை நினைவில் வையுங்கள். 2007இல் ஐ.நா.வின் அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூன், சூடானின் டார்பூர் பகுதியில் நடந்த மோதலின் வேரில் காலநிலை மாற்றமும் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். ஊர்களை எரித்த சூடான் அரசுக்கு அது சாக்காகிவிடும் என்று உடனே கண்டனம் எழுந்தது. சிரியாவில் 2011 எழுச்சிக்கு முந்தைய வறட்சியைக் காரணம் காட்டி 2015இல் வந்த ஆய்வு உலகெங்கும் மேற்கோளானது. 2017இல் வேறு ஆய்வாளர்கள் அதன் இடப்பெயர்வுக் கணக்கையே பிரித்துப் போட்டார்கள். காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2022 அறிக்கையும் நிதானமாகத்தான் பேசுகிறது: உள்நாட்டு மோதலில் காலநிலைக்குப் பங்கு உண்டு, ஆனால் சமூக, பொருளாதார, ஆட்சிக் காரணங்களோடு ஒப்பிட்டால் அது சிறியது. குறிப்பை அந்த அளவோடு எழுதினால் யாரும் அதை எளிதில் உடைக்க முடியாது.

எண்ணைச் சோதிக்காமல் எடுக்காதீர்கள்

‘சாட் ஏரி 90 விழுக்காடு சுருங்கிவிட்டது’ என்ற வரியை நூறு உரைகளில் கேட்டிருப்பீர்கள். 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர் விரிந்திருந்த ஏரி, 1970, 80களின் பெரு வறட்சியில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு? ஜெர்மனியின் அடெல்ஃபி நிறுவனம் 20 ஆண்டு செயற்கைக்கோள் தரவைப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஏரி இப்போது சுருங்கவில்லை என்று சொன்னது. மக்களை அலைக்கழிப்பது தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று கணிக்க முடியாத நிலை. விதைப்பதா, வலை போடுவதா, மாட்டை ஓட்டிப்போவதா என்று எதையும் முடிவுசெய்ய முடியவில்லை.

இது வெறும் துல்லியப் பிரச்சினையல்ல. ஏரி வற்றுகிறது என்று எழுதினால் தீர்வாகத் தூரத்து ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பிரம்மாண்டத் திட்டங்கள் மேசைக்கு வரும். ஏரி ஏறி இறங்குகிறது என்று எழுதினால் முன்னெச்சரிக்கையும் மேய்ச்சல் வழித்தட உடன்பாடும் வரும்.

மழைத் தரவுக்கு 30 ஆண்டுச் சராசரியை அடிப்படையாக வையுங்கள். இப்போது புழக்கத்தில் இருப்பது 1991–2020. ஒரு மோசமான ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு போக்கு என்று சொல்லாதீர்கள். மழையின் மொத்த அளவைவிட அது தொடங்கிய நாளையும், நடுவில் எத்தனை நாள் காய்ந்தது என்பதையும் பாருங்கள். கிராமத்தின் முடிவுகள் அதை வைத்துத்தான். மோதல் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் தரவுத்தளங்களில் ஒரு பொறி உண்டு: செய்தியாளர் போகாத இடத்தில் மோதலே இல்லாததுபோல் தெரியும். வெற்றிடத்தை அமைதி என்று படிக்காதீர்கள். உணவு நிலைக்கு ஐந்து படிகள் கொண்ட ஐ.பி.சி. அளவுகோல் இருக்கிறது. பஞ்சம் என்ற சொல்லை அதன் ஐந்தாம் படிக்கு மட்டும் வையுங்கள். 20 விழுக்காட்டு வீடுகளில் கடும் உணவின்மை, 30 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறை, நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு இருவர் சாவு என்பவை அதன் எல்லைகள். அதற்குக் கீழே ‘நெருக்கடி’, ‘அவசரநிலை’ என்ற சொற்கள் இருக்கின்றன.

எந்த வாசலைத் தட்டுவது

பாதுகாப்பு கவுன்சிலின் தலைமை மாதம் ஒரு நாட்டுக்கு, ஆங்கில அகரவரிசைப்படி சுற்றும். காலநிலை விவாதங்கள் எல்லாம் தலைமை நாட்டின் விருப்பத்தில்தான் நடந்தன. 2007 ஏப்ரலில் முதல் விவாதத்தை நடத்தியது பிரிட்டன். விவாதம் நடந்தால் உரைகள் பதிவாகும், அவ்வளவே. யாரையும் அது கட்டுப்படுத்தாது.

கட்டுப்படுத்துவது ஐ.நா. தூதுக்குழு அல்லது அமைதிப்படையின் ஆணையை, அதாவது அது என்ன வேலை, எத்தனை நாள் செய்யலாம் என்ற உத்தரவைப் புதுப்பிக்கும் தீர்மானம். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை அது வரும். அதற்கு வரைவு எழுதும் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட நாட்டிடம் இருக்கும். நியூயார்க்கில் அந்த நாட்டைப் ‘பென்ஹோல்டர்’ என்பார்கள். உங்கள் குறிப்பு போய்ச்சேர வேண்டியது தூதரிடம் அல்ல, அந்நாட்டுக் குழுவில் அந்தக் கோப்பைப் பார்க்கும் அதிகாரியிடம். ஆணை முடியும் நாளுக்கு எட்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வரைவு சுற்றுக்கு வந்த பிறகு புதுப் பத்தி நுழைப்பது பெரும்பாடு.

வீட்டோ பயம் இருந்தால் வேறு வாசல்கள் உண்டு. 31 உறுப்பினர் கொண்ட ஐ.நா. அமைதிக் கட்டமைப்பு ஆணையத்திலும், 15 உறுப்பினர் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு கவுன்சிலிலும் வீட்டோ கிடையாது. சாட் ஏரிக்கென்றே 1964இல் தொடங்கிய படுகை ஆணையம் சாட் தலைநகர் என்ஜமேனாவில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட நாடே கேட்கிறது என்ற நிலையை அங்கிருந்து உண்டாக்கிக்கொண்டு நியூயார்க் போனால் எதிர்ப்பவர் வாய் பாதி அடைபடும்.

வினைச்சொல்லில்தான் உயிர்

2349இன் 26ஆவது பத்தியின் வினைகள் இரண்டு: ‘ஒப்புக்கொள்கிறது’, ‘வலியுறுத்துகிறது’. அரசுகளும் ஐ.நா.வும் இடர் மதிப்பீடு செய்வது தேவை என்று பொதுவாக வலியுறுத்துகிறதே தவிர, அந்த மதிப்பீட்டை எந்தத் தேதிக்குள், குறிப்பாக எந்த அமைப்பு செய்வது என்று அந்தப் பத்தியில் இல்லை. திறப்பு என்ற அளவில் அது பெரிய காரியம்தான். பின்னால் வந்த சோமாலியா, மாலி தீர்மானங்கள் அதே சொற்களை எடுத்துக்கொண்டன. ஆனால் நீங்கள் இன்று எழுதும் பத்தி அங்கேயே நிற்கக்கூடாது.

இப்படி எழுதினால் ஒன்றும் நடக்காது: ‘காலநிலை மாற்றத்தின் பாதகமான விளைவுகளைக் கவலையுடன் கவனத்தில் கொள்கிறது.’

இப்படி எழுதினால் ஒருவர் வேலை செய்தே ஆகவேண்டும்: ‘வெள்ளக்காலத் தொடக்கத்துக்கு முன், மேய்ச்சல் வழித்தடங்களில் பதற்றம் எழக்கூடிய இடங்களைத் தூதுக்குழு மதிப்பிட்டு, அதைத் தன் அடுத்த 90 நாள் அறிக்கையில் சேர்க்குமாறு பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது.’

யார், எதை, எப்போதுக்குள், எந்த ஆவணத்தில் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. பத்தி முகவுரையில் இருக்கிறதா, எண்ணிட்ட செயற்பகுதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேரத்தில் தோற்றவர்களுக்கு ஆறுதலாகக் கொடுக்கும் இடம் முகவுரை. முந்தைய தீர்மானம் ஒன்றில் ஏற்கெனவே ஏற்ற சொற்றொடரை அப்படியே எடுத்து, அதன் வாலில் உங்கள் புதிய கோரிக்கையைக் கட்டுங்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சொல்லை மறுப்பதற்கு ஒரு நாடு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

எதிர்ப்பை முன்கூட்டியே எழுதுங்கள்

குறிப்பின் கடைசி அரைப்பக்கம் இதற்கு. 2021இல் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த டி.எஸ். திருமூர்த்தி கவுன்சிலில் வைத்த வாதத்தை உரையாகவே எடுத்துப் படியுங்கள். காலநிலைப் பேச்சுக்கு உரிய இடம் 1992 காலநிலை உடன்படிக்கையின் அரங்கு. அங்கே எல்லா நாடுகளுக்கும் குரல் உண்டு, கவுன்சிலில் கிடையாது. பணமும் தொழில்நுட்பமும் தருவதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றாத வளர்ந்த நாடுகள் விஷயத்தை வேறு பக்கம் திருப்புகின்றன என்பது அதன் சாரம். மேற்கத்திய ஆய்வுகள் இதை வெறும் முட்டுக்கட்டையாகத் தள்ளிவிடுகின்றன. அது தவறு, வாதத்தில் சத்து இருக்கிறது. அதே நேரத்தில் சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சாகேல் பகுதிக்கு மட்டுமான மாற்று வரைவு ஒன்றை ரஷ்யா, இந்தியா, சீனா மூன்றும் முன்வைத்தன என்பதையும் கவனியுங்கள். குறிப்பிட்ட இடம் என்றால் அவர்களும் பேசத் தயாராக இருந்தார்கள்.

ஆகவே உங்கள் குறிப்பில் மூன்று உறுதிகள் இருக்கட்டும்: இது உமிழ்வுக் குறைப்பு பற்றியதல்ல, படைபலத்துக்கு வழி திறப்பதல்ல, தகவமைப்பு நிதிக்கு இது மாற்றல்ல. அமெரிக்கக் குழுவுக்குப் போகும் பிரதி என்றால், 2025 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலக உத்தரவிட்ட அரசு அது என்பதை மறக்காமல், ‘வறட்சி’, ‘வெள்ளம்’, ‘மேய்ச்சல்’ என்ற சொற்களாலேயே முழுவதையும் எழுதுங்கள். பொருள் மாறாது.

அளவும் இறுதிக் கட்டமும்

இரண்டு பக்கம், ஒரு வரைபடம். பரிந்துரை முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில். கவுன்சிலில் இல்லாத நாட்டுக்குத் திறந்த விவாதத்தில் பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் கிடைக்கும்; உரை நீண்டு நேரம் தாண்டினால் ஒலிவாங்கி விளக்கு மின்னத் தொடங்கும்.

பேரம் முடிந்ததும் வரைவை ‘மௌன நடைமுறை’யில் வைப்பார்கள்: குறித்த மணிக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம். உங்கள் பத்தி அடிபடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி மணிகளில்தான். விட்டுக்கொடுக்கக் கூடிய சொல் எது, கூடாத சொல் எது என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் நள்ளிரவில் பேரம் பேசும் அதிகாரி கையை உதறிவிட்டுப் போகமாட்டார். பெயரடைகளை விடலாம். தேதியையும் அறிக்கையின் பெயரையும் விடக்கூடாது.

நிறைவேறிய பிறகு, காலநிலைப் பாதுகாப்பு ஆலோசகர் பணியிடம் ஒன்றை ஆணை கேட்டிருந்தால் அதன் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பொதுச்சபையின் ஐந்தாம் குழு ஒப்புதல் தரும் வழக்கமான வரவுசெலவில் இருந்தால் அடுத்த ஆண்டும் ஆள் இருப்பார். ஏதோ ஒரு நன்கொடை நாட்டின் பணத்தில் ஓடினால், அந்த நாட்டில் ஆட்சி மாறும் அன்றைக்கு நாற்காலி காலியாகிவிடும். அடுத்த புதுப்பிப்புக்கான குறிப்பை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.