இரவல் காரை எடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு காருக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான் இருப்பார். ஓட்டுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மெண்ட், கோலகங்சாரில் ஒரு சாவு, தைப்பூசத்துக்குக் கல்லுமலை, எல்லாவற்றுக்கும் அதே பழைய புரோட்டோன் சாகா கார்தான். "மச்சான், சாவி எங்கே?" "டிவி மேலே கிடக்கு, எடுத்துக்கோ." அவ்வளவுதான் பேச்சு. பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்போம், டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். காப்புறுதி இருக்கிறதா என்று மட்டும் வாய் திறந்து கேட்க மாட்டோம். கேட்டால் மச்சானைச் சந்தேகப்பட்டதாகிவிடுமே என்று ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சம்தான் முதல் தவறு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவுப்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி (நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) நடப்பில் இல்லாத வாகனத்தை ஓட்டுவது குற்றம். அதை இன்னொருவர் ஓட்ட விடுவதும் குற்றம். அதாவது சாவியைக் கொடுத்தவரும் மாட்டுவார், வாங்கியவரும் மாட்டுவார். 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கார் யாருடையது, தெரிந்து ஓட்டினாரா தெரியாமல் ஓட்டினாரா என்றெல்லாம் அந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

அபராதத்தைக்கூடக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். உண்மையில் அடி விழுவது லைசென்ஸில். குற்றம் நிரூபணமானால் 12 மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதி போய்விடும். நம் ஊரில் எத்தனை பேர் வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். செம்பனைக் குலை லாரி, பள்ளிக்கூட வேன், செயலி வழி கூப்பிடும் ஈ-ஹெய்லிங் கார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு இரவல் காரில் போய்வந்ததற்கு ஒரு வருடச் சம்பளம் போவதென்றால் அது சின்ன விஷயமில்லை.

சட்டம் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சிறப்புக் காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் லைசென்ஸ் விஷயத்தில் வேறு மாதிரி உத்தரவு போடலாம். ஆனால் "எனக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லி நிற்பதும், "கேட்டேன், இருக்கிறது என்று இந்தத் தாளை அனுப்பினார்" என்று வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டுவதும் ஒன்றல்ல. முதலாமவர் கேட்கவே இல்லை, இரண்டாமவர் கேட்டு ஏமாந்திருக்கிறார். அதனால் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். "மாமா, காடிக்கு இன்சூரன்ஸ் இருக்கா, ஒரு படம் அனுப்புங்க" என்று ஒரு வரி போதும்.

அடுத்த தவறு, கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்வது. முன்பெல்லாம் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ரோட் டேக்ஸ் வில்லையை எட்டிப் பார்த்தால் போதும், தேதி தெரிந்துவிடும். 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்களுக்கு அது மின்னியல் மயமாகிவிட்டது. வில்லையை ஒட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொந்தக்காரருக்கு வசதிதான். இரவல் வாங்குகிறவருக்குத்தான் கண் கட்டிவிட்ட மாதிரி. வில்லை இல்லாத கார் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், டேக்ஸ் கட்டிய காரும் இரண்டு வருடமாகக் கட்டாத காரும். சொந்தக்காரரிடம் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்வதுதான் சுலபமான வழி. கூடவே காப்புறுதிப் பத்திரத்தையும் பார்த்துவிடுங்கள். பத்திரத்தில் இருக்கும் வண்டி எண்ணும் காரின் நம்பர் பிளேட்டும் ஒன்றுதானா, கடைசித் தேதி என்ன, இரண்டையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

ரோட் டேக்ஸ் இருந்தால் காப்புறுதி இருந்தே தீரும் என்று பலரும் நம்புகிறார்கள். பாதி உண்மை. காப்புறுதி எடுக்காமல் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க முடியாதுதான். ஆனால் அது புதுப்பித்த நாளில் காப்புறுதி இருந்தது என்பதற்குச் சாட்சி, இன்றைக்கும் இருக்கிறது என்பதற்கு அல்ல. இடையில் ரத்தாகியிருக்கலாம். கார் கைமாறியிருந்தால் பழைய சொந்தக்காரர் எடுத்த காப்புறுதி புதியவருக்குத் தானாக வந்து சேராது. கடன் முடியாத காரை "சம்போங் பாயார்" முறையில், அதாவது மீதித் தவணையைத் தாங்களே கட்டுவதாகச் சொல்லி, வாங்கி ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. பத்திரம் ஒருவர் பெயரில், கார் இன்னொருவர் வீட்டு வாசலில், ஓட்டுவது மூன்றாமவர். அந்தக் காரின் சாவி மட்டும் வேண்டாம் என்பேன்.

இதில் பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1,000 சிசி வரையிலான காருக்குத் தீபகற்பத்தில் ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 20 ரிங்கிட்தான். 150 சிசி வரையிலான மோட்டாருக்கு வெறும் 2 ரிங்கிட். யாரும் அந்தக் காசுக்காகப் புதுப்பிக்காமல் விடுவதில்லை. கையைக் கடிப்பது காப்புறுதி. தீபாவளி, பள்ளிக்கூடம் திறப்பு என்று செலவு சேரும் மாதத்தில் அது தள்ளிப்போகும். பிறகு மறந்தும்போகும். தவணை முடிந்து சில நாள் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி எதுவும் கிடையாது.

சரி, காப்புறுதி இருக்கிறது. அதோடு கவலை விட்டதா? இல்லை. இரவல் காரில் சிக்கல் பெரும்பாலும் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் காப்புறுதியே செல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. சொந்தக்காரரின் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால் பொதுவாகக் காப்புறுதி செல்லும். முழுக் காப்புறுதி எடுத்த காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஓட்டியவர் பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டால், அல்லது அவர் 21 வயதுக்குக் குறைந்தவரோ பி லைசென்ஸ்காரரோ (புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்) என்றால், வழக்கமாக முதல் 400 ரிங்கிட்டை நம் பக்கமே கட்ட வேண்டும். அதைவிடப் பெரியது, சொந்தக்காரரின் என்சிடி. ஐந்து வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்து 55 விழுக்காடு வரை சேர்த்த கழிவு, நம் ஒரு மோதலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடுத்த வருடம் அவர் கட்டும் கூடுதல் தொகையை யார் தருவது? சாவி வாங்கும்போது இதை யாரும் பேசுவதில்லை. சம்பந்தி சண்டைகளில் சில இங்கேதான் ஆரம்பமாகின்றன.

கார் பழசென்றால் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் இருக்கும். எதிரே வந்தவருக்கு நிறுவனம் கொடுக்கும். மச்சானின் சாகா நசுங்கியதற்கு ஒரு காசு வராது. போமென் கடை (கார் பழுதுபார்க்கும் கடை) பில் உங்களுக்கும் மச்சானுக்கும் இடையில்தான்.

லைசென்ஸ் வகையையும் பாருங்கள். ஆட்டோ கியருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் இப்போது அதிகம். டிஏ என்று போட்டிருக்கும். தோட்டத்தில் கிடப்பதோ மேனுவல் சாகாவும் பழைய ஹைலக்ஸும். "ரெண்டு நாள் ஓட்டினா கை வந்துடும்" என்று மாமா சொல்வார். கை வந்துவிடும், லைசென்ஸ் வராது. மேனுவல் ஓட்ட அனுமதி இல்லாதவர் ஓட்டினால் அது தனிக் குற்றம். நிறுவனமும் அதைக் காரணம் காட்டிக் கையை விரிக்கலாம்.

கோயில் திருவிழாவுக்கு ஒரு காரில் ஏழு பேரை அடைத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: சாதாரணத் தனியார் கார் காப்புறுதி, அதே காரில் உட்கார்ந்திருக்கும் பயணிகள் ஓட்டுநர்மேல் கேட்கும் இழப்பீட்டை ஏற்காது. அதற்குக் கூடுதலாகப் பணம் கட்டித் தனிப் பாதுகாப்பு வாங்கியிருக்க வேண்டும். ஓட்டுநரின் சொந்தக் காயமும் அதில் சேராது. ஆளுக்கு ஐந்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு ஏற்றிப் போனால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பத்திரம் வாடகைக்கு ஓட்டுவதற்காக எழுதப்பட்டது அல்ல.

"தோட்டத்துக்குள்ளேதானே, எந்த போலீஸ் வரப்போகுது?" என்பது லயத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பொதுமக்கள் போய்வருகிற வழி எதுவும் சட்டத்தின் கண்ணில் சாலைதான், தார் போட்டிருந்தாலும் செம்மண்ணாக இருந்தாலும். சாயங்காலத்தில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் அந்த வழியில்தான். அங்கே ஒரு பிள்ளைக்கு அடிபட்டால், காப்புறுதி இல்லாத காரை ஓட்டியவர் இழப்பீட்டைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். காப்புறுதி இல்லாத வாகனத்தால் காயம்பட்டவர்களுக்கு உதவ மோட்டார் காப்புறுதியாளர்கள் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது அடிபட்டவருக்காக ஏற்பட்டது, ஓட்டியவரைக் காப்பாற்ற அல்ல. கொடுத்த பணத்தைப் பிறகு ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்கும்.

விபத்துக்குப் பிறகு செய்யும் தவறுகளில் மோசமானது ஆள் மாற்றுவது. "நீ லைசென்ஸ் வெச்சிருக்கே, நீ ஓட்டினேன்னு சொல்லிடு." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பொய்ப் புகார் தண்டனைச் சட்டத்தின்படி தனிக் குற்றம். ஒருவர் மாட்ட வேண்டிய இடத்தில் இருவர் மாட்டுவார்கள், நிறுவனத்துக்கும் பணம் கொடுக்காமலிருக்க நல்ல காரணம் கிடைக்கும். நடந்ததை நடந்தபடி 24 மணி நேரத்துக்குள் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) புகார் செய்துவிட வேண்டும். அதே அவசரத்தில் எஜண்டைக் கூப்பிட்டு "இன்னிக்குத் தேதி போட்டு எடுத்துக் கொடுங்க" என்று கேட்பதும் நடக்கிறது. காப்புறுதி முன்னால் நடந்ததற்குப் பொருந்தாது.

ரோட் புளோக்கில் நிறுத்தி, காப்புறுதி இல்லை என்று அங்கேதான் உங்களுக்குத் தெரியவருகிறது என்றால், காரை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் ஸ்டீரிங்கைக் கொடுப்பதும் வேண்டாம், அவரும் அதே பிரிவில்தான் வருவார். சொந்தக்காரரைக் கூப்பிட்டு இணையத்தில் காப்புறுதியும் ரோட் டேக்ஸும் புதுப்பிக்கச் சொல்லுங்கள், இரண்டும் கைக்கு வந்த பிறகு காரை எடுங்கள். அதுவரை ஓட்டிவந்ததற்கான சமன் (குற்ற அறிவிப்பு) அப்படியேதான் இருக்கும். சொந்தக்காரர் என்ன சொல்லிச் சாவி கொடுத்தார் என்பதற்கான அந்த வாட்ஸ்அப் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.