மலைக் கவுதாரியைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமயமலை ஓக் காடுகளுக்கு முதல்முறை போகிறவர்கள் மலைக் கவுதாரியின் விசிலைக் கேட்பார்கள், பறவையைப் பார்க்காமலே திரும்புவார்கள். ஒவ்வொரு பருவத்திலும் அதே தவறுகள். பளிச்சென்ற சட்டை போடாதீர்கள், பேசாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அவற்றை விட்டுவிடலாம்.

ஊர்க் கவுதாரியை நினைத்துத் தேடுவது

நம் ஊர்க் கவுதாரி முள்காட்டிலும் தரிசிலும் திரியும். இதுவோ நிழலை விட்டு வெளியே வருவது அரிது. சுமார் 28 செ.மீ. நீளமுள்ள உருண்டைப் பறவை. உத்தராகண்டின் பின்சர் போன்ற இடங்களில், 1,500 மீட்டருக்கு மேல், சருகு மண்டிய ஈரமான ஓடைச் சரிவுகளில் தேடுங்கள். திறந்த புல்சரிவில் நேரம் வீணாகும்.

கைபேசியில் குரலை ஓடவிடுவது

மற்றத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. முழுச் சத்தத்தில் பதிவை ஓடவிடுகிறார்கள். பள்ளத்திலிருந்து பதில் விசில் வருகிறது. மறுபடி ஓடவிட்டதும் பதில் நின்றுபோகிறது. பறவை போய்விட்டது என்று நடையைக் கட்டினால், நாலடி தள்ளிப் புதரடியிலிருந்து படபடவென்று எழுந்து சரிவில் மறைகிறது. அது அடங்கியதே நடந்து நெருங்கி வந்துகொண்டிருந்ததால்தான்.

நட்டம் பார்க்க வந்தவருக்கு மட்டுமல்ல. எதிரி ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக நம்பும் பறவை இரை தேடுவதை விட்டு வருகிறது. நாளுக்கு நாலு குழு அதே வளைவில் நின்று இதைச் செய்தால் அந்தச் சோடிக்கு நிம்மதி ஏது? இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்வது கொடுமை.

விடியலுக்கு 20 நிமிடம் முன்பே போய், மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒரு வினாடிக்கு மேல் நீளும் சோகமான விசில், சில வினாடிக்கு ஒருமுறை வரும். சில நேரம் அதையடுத்து மேலேறும் இரட்டை விசில்கள் வரும். குரல் ஓய்ந்த பிறகும் அசையாமல் சருகைக் கவனியுங்கள். காலால் கிளறும் சத்தம், சற்று அமைதி, மறுபடி கிளறல். கூடவே ஓயாத சளசளப்பு கேட்டால் அது பெரும்பாலும் சிரிப்பான்கள் என்னும் வேறு பறவைகளின் கூட்டம்.

தொண்டையை மட்டும் பார்த்துப் பெயர் எழுதுவது

ஆணில் குழப்பமில்லை: செம்பழுப்பு உச்சந்தலை, கருந்தொண்டை, அதன் கீழ் வெள்ளைப் பட்டை. பெட்டையின் தொண்டை செம்பழுப்பு. அதைப் பார்த்ததும் செந்தொண்டைக் கவுதாரி என்னும் வேறு இனமாகக் குறித்துவிடுகிறார்கள். முதுகைப் பாருங்கள். மலைக் கவுதாரிக்குக் கருங்கோடுகள் உண்டு, செந்தொண்டைக்கு முதுகு கோடின்றி வெறுமையாக இருக்கும்.

பாதையை விட்டு இறங்குவது

ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடவே கூடாது. கூடு தரையில்தான், முட்டை சருகுக்குள் இருக்கும்.