போர் வீடியோ வந்தால்: பகிரும் முன் செய்ய வேண்டியவை

போர் தொடங்கிய சில மணி நேரத்திலேயே வாட்ஸ்அப் குழுக்களில் வீடியோக்கள் குவிய ஆரம்பிக்கும். 2022 பிப்ரவரியில், 'கீவின் ஆவி' என்ற உக்ரைன் விமானி ரஷ்ய விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் காட்சி உலகமெங்கும் பரவியது. அது டி.சி.எஸ். வேர்ல்டு என்ற கணினி விளையாட்டில் உருவாக்கியது. அப்படி ஒரு விமானியே இல்லை என்று ஏப்ரல் இறுதியில் உக்ரைன் விமானப்படையே சொல்லிவிட்டது.

முதல் படி: ஸ்கிரீன்ஷாட். கட்டடமோ பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் படம் எடுங்கள். படத்தை வைத்துத் தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே காட்சி பழைய தேதியில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது: முதலில் போட்டது யார்? உங்களுக்கு அனுப்பியவரை விடுங்கள். முதல் பதிவைத் தேடிப் பிடியுங்கள்.

மூன்றாவது: எந்த இடம்? இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2014 ஜூலை 17 அன்று மலேசியாவின் எம்.எச்.17 பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைனில் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். மறுநாள் ஒரு வீடியோ வந்தது: விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் 'பூக்' ஏவுகணை வண்டி ஒன்று, ஒரு ஏவுகணை குறைந்த நிலையில் லாரியில் போகிறது. உக்ரைன் அரசின் வசமிருந்த கிராஸ்னோஆர்மீஸ்க்கில் எடுத்தது என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். இணையத்தில் கிடைக்கும் தகவல்களை வைத்து ஆராயும் பெல்லிங்கேட் குழுவினரும் இணையத்தில் இருந்த மற்றவர்களும் சாலையோர விளம்பரப் பலகையையும் மேலே ஓடும் கம்பிகளையும் பார்த்தார்கள். அவை டிராலிபஸ், அதாவது மேலே ஓடும் மின்கம்பியில் இயங்கும் பேருந்தின் கம்பிகள். அந்தப் பேருந்து ஓடியது லுஹான்ஸ்க்கில். அப்போது அந்த ஊர் ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்கள் கையில். உள்ளூர்க்காரர் ஒருவர் நேரில் போய் அதே பலகையைப் படமெடுத்துக் காட்டினார். சர்வதேசப் புலனாய்வுக் குழுவும் பிறகு லுஹான்ஸ்க் என்றே உறுதி செய்தது. இந்த வழக்கில் 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

நீங்களும் கம்பி, கடைப் பெயர், கோபுரம், மலைமுகடு என்று குறித்துக்கொண்டு கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தினால் போதாது, குறைந்தது மூன்று நான்கு பொருந்த வேண்டும்.

நான்காவது: சேமியுங்கள். 2017-இல் யூடியூபின் தானியங்கி நீக்கத்தில் சிரியப் போர்க்காட்சிகள் ஏராளமாக அழிந்தன. உயிரைப் பணயம் வைத்து எடுத்த ஆதாரங்கள் அவை. வாட்ஸ்அப் வழியாக வரும் நகலில் எடுத்த தேதி, இட விவரம் பெரும்பாலும் இருக்காது. அதனால் மூலப் பதிவிலிருந்தே தரவிறக்குங்கள். இணைப்பையும் போட்டவர் பெயரையும் நேரத்தையும் கூடவே எழுதி வையுங்கள். பகிரும்போது பொதுமக்களின் முகங்களை மறைத்துவிடுங்கள். மூலக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.