படித்த நூலைப் பற்றிப் பத்து வரி எழுதுவது எப்படி?

புத்தகத்தை முடித்த கையோடு அதைப் பற்றி எழுத உட்காராதீர்கள். அப்போது கடைசி அத்தியாயம்தான் மனதில் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும். நடுவில் இருந்த நல்ல பக்கங்கள் வாயே திறக்காது. இரண்டு நாள் ஆறட்டும். அதே சமயம், படிக்கும்போதே பக்க எண்களைக் குறித்துக்கொள்ளாவிட்டால் ஆறிய பிறகு கையில் ஒன்றும் இருக்காது. எங்கள் வாசகர் வட்டத்தில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் "எப்படித் தொடங்குவது?" என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு சேலம் குகைப் பகுதியில். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, கோரிமேடு என்று அடிவாரம் வரை படிக்கலாம். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். படித்தால் குடலைப் பிரட்டும். புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் படித்ததில் எது தானாக வந்து முன்னால் நிற்கிறது என்று பார்ப்பேன். சில நாள் ஒரு பெயர் வரும், சில நாள் ஒரு சண்டை வரும், சில நாள் ஒன்றுமே வராது. ஒன்றுமே வராத நாட்களையும் குறித்து வைக்க வேண்டும். ஐம்பது பக்கம் படித்தும் மனதில் எதுவும் ஒட்டவில்லை என்றால் அதுவும் அந்தப் புத்தகத்தைப் பற்றிய செய்திதான். உங்களுக்கு மலைப்பாதை வேண்டியதில்லை. புத்தகத்தை மூடியதும் போனை எடுக்காமல் இருந்தால் போதும்.

நூலகப் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அடுத்து படிக்கிறவர் தலையில் உங்கள் ரசனையை ஏன் ஏற்ற வேண்டும்? பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் பக்க எண்ணும் இரண்டு சொற்களும் போதும். "112, முன்பணம்" என்பது போல. உரக் கம்பெனிகள் ஆண்டுதோறும் எஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டைரிகளில் பாதி யாருக்கும் வேண்டாமல் கிடக்கும். அதில் ஒன்றுதான் என் நோட்டு. தேதியைக் கண்டுகொள்ளாமல் ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம். இடம் குறைவாக இருப்பது நல்லது.

படித்த புத்தகங்களின் பட்டியல் வாசிப்பு அனுபவம் ஆகாது. சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல நம் ஊர்க்காரரே சாட்சி இருக்கிறார். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சாமிநாதையர் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்கிறார். சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் இருந்து தொடங்கிய உழைப்பில் 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. உ.வே.சா.வின் தன்வரலாறான 'என் சரித்திரம்' படிக்கும்போது நான் நெடுநேரம் நின்ற இடம் இது. ஆண்டு முடிவில் எத்தனை புத்தகம் படித்தோம் என்று எண்ணிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு முன்சீப் முதலியாரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

எழுதும்போது முதலில் சில சொற்களைத் தள்ளி வையுங்கள். நெஞ்சை உலுக்கியது, கீழே வைக்க முடியவில்லை, ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல். இவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. அந்தச் சொற்களை எழுதத் தோன்றும் இடத்தில் பேனாவை நிறுத்தி, எந்தப் பக்கத்தில் உலுக்கியது, அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதுங்கள்.

சென்ற பருவத்தில், காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்த நாட்களில் 'எரியும் பனிக்காடு' படித்தேன். டாக்டர் பி.எச்.டேனியல் 'ரெட் டீ' என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவல், இரா.முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். என் டைரிப் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

"ஆனைமலைத் தேயிலைக் காடு, வெள்ளைக்காரன் காலம். திருநெல்வேலிச் சீமையில் வேலையும் சோறும் இல்லாமல் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறுகிறார்கள். காய்ச்சலும் அட்டையும் குளிரும் பயமுறுத்தும் என்று எதிர்பார்த்தேன். பயமுறுத்தியது கணக்கு. ஊரை விட்டுக் கிளம்பும்போது கையில் வாங்கிய முன்பணம் மலையில் கடனாக நிற்கிறது. உழைக்க உழைக்கக் குறைய வேண்டிய கடன் குறைய மறுக்கிறது. பேரேட்டில் எழுதுகிறவன் கையில் சாட்டை தேவையில்லை. குறை: நல்லவர்கள் மிக நல்லவர்கள், கெட்டவர்கள் மிகக் கெட்டவர்கள். ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்தவர் என்று கலெக்டர் காக்பர்ன் பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. குழி வெட்டி நட்டவர்கள் எந்த ஊரில் இருந்து, யாரிடம் முன்பணம் வாங்கி வந்தார்கள்?"

இதில் கவனிக்க வேண்டியது, கதைச் சுருக்கம் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்து, நான் எதை எதிர்பார்த்தேன், எது கிடைத்தது என்ற இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான நல்ல குறிப்புகள் இந்த இடைவெளியில் இருந்துதான் பிறக்கின்றன. அதனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, இது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். பிறகு உங்கள் தொழில் பேசட்டும். நான் கணக்கு எழுதுகிறவள், எனக்குப் பேரேடு கண்ணில் பட்டது. அதே நாவலைப் படித்த எங்கள் எஸ்டேட் நர்ஸ் அக்கா மருத்துவமனைப் பக்கங்களைப் பற்றி மட்டும் பேசினார். எங்கள் இருவர் குறிப்பையும் மாற்றி வைத்தால் தெரிந்துவிடும். அப்படித் தெரிய வேண்டும். இன்னொன்று: இந்த நாவலை வைத்து எடுத்த 'பரதேசி' படத்தை 2013-இல் பார்த்தவர்கள் நிறைய. படம் பார்த்த பிறகு படிக்கிறவர்கள், தங்கள் மனதில் நிற்பது பக்கத்தில் இருந்து வந்ததா, திரையில் இருந்து வந்ததா என்று புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துவிட்டு எழுதவும்.

நாவல் அல்லாத நூலுக்குக் கேள்வி வேறு. இது இவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தன்வரலாறு, வரலாறு, பயணநூல் எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். மறுபடி 'என் சரித்திர'த்தையே எடுத்துக்கொள்வோம். ஆனந்த விகடனில் 1940-இல் அது தொடராக வரத் தொடங்கியபோது உ.வே.சா. எண்பதைத் தாண்டியவர். முதலியாரைச் சந்தித்து அறுபது ஆண்டு ஆகியிருந்தது. தேதியும் கிழமையும் சரியாக இருக்கின்றன; நானே பழைய நாட்காட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்று வியாழக்கிழமைதான். ஆனால் இருவரும் பேசிய பேச்சு சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்குமா? இருக்காது. பின் ஏன் நம்புகிறேன்? தன் கர்வம் அடிபட்டதை அவர் மறைக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்றால் எதிரே இருப்பவர் எழுந்து உட்காருவார் என்று நினைத்துப் போனவர், அது நடக்காமல் போனதைத் தானே எழுதுகிறார். தனக்குப் பெருமை தராத செய்தியை ஒருவர் எந்த இடத்தில், எவ்வளவு விவரமாகச் சொல்கிறார் என்று பாருங்கள். தன்வரலாற்றை எடை போட எனக்குத் தெரிந்த தராசு அது ஒன்றுதான். 1942-இல் அவர் காலமானதால் நூல் முடிவு பெறாமலே நிற்கிறது. முடிவில்லாத நூலைப் பற்றி எழுதுவது சிரமம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குறை சொல்லத் தயங்காதீர்கள். விருது வாங்கிய புத்தகம் என்றால் நம் ஆட்களுக்குக் கை நடுங்குகிறது. இமையத்தின் 'செல்லாத பணம்' 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பெற்றோர் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொண்ட ரேவதி, உடல் முழுக்கத் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலில் நடக்கிறது. வாசலில் காத்திருக்கும் முன்பின் தெரியாதவர்கள் "உங்களுக்கு யாரு? எப்படி ஆச்சு?" என்ற அளவில் பேச்சைத் தொடங்கி, தங்கள் வீட்டுக் கதையைக் கொட்டுகிறார்களே, அது அச்சு அசல். சேலம் அரசு மருத்துவமனையில் சொந்தக்காரர்களுக்குத் துணைக்கு இருந்தவர்கள் யாரும் அந்தப் பக்கங்களில் தலையாட்டுவார்கள். மருமகனைத் திட்டித் தீர்க்க இடம் கொடுத்த இமையம், ரவியையும் பேசவிடுகிறார். நாவலின் துணிச்சல் அதில் இருக்கிறது. ஆனாலும் புலம்பல் நீளம். அம்மா சொன்னதையே அப்பா, அப்பா சொன்னதையே அண்ணன் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. "மருத்துவமனை வாசலில் மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள்" என்று வாசகர் வட்டத்தில் ஓர் ஆசிரியர் என்னை மறித்தார். நியாயமான பதில். இருந்தும் நான் என் குறிப்பை மாற்றவில்லை. நிஜத்தில் அப்படி நடப்பதால் பக்கத்திலும் அப்படியே நடக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்கள் எழுதும் குறையும் இப்படி எதிர்வாதம் செய்யத்தக்கதாக இருக்கட்டும். "போர் அடித்தது" என்றால் யார் என்ன பதில் சொல்ல முடியும்?

முடிவைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். புத்தகத்தைப் பொறுத்தது. பூமணியின் 'வெக்கை'யில் சிறுவன் சிதம்பரம் கொலை செய்துவிட்டு ஓடுவதில்தான் கதையே தொடங்குகிறது. அதை மறைத்தால் எழுத ஒன்றும் மிஞ்சாது. 'செல்லாத பணம்' முடிவை நான் மேலே சொல்லவில்லை, பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். மறுமுறை படித்தால் அங்கே எழுத வேண்டும். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' பற்றிக் கல்லூரி நாட்களில், "கதாநாயகன் யார் என்றே தெரியவில்லை, ஒருவனைப் பிடித்தால் அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போகிறான்" என்று சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். அண்மையில் மறுபடி படித்தபோது கண்ணில் பட்டவர் புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜன். விடிவதற்கு முன்பே வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வண்டியும் ஆட்களும் சேர்த்துக்கொண்டு ஓடுகிற மனிதர். எதிர்ப்பக்கத்தில் இப்போது இருப்பது: "நாயகன் இல்லை என்பது சரி. நடராஜனுக்கு ஒரு நாள் லீவு போட்டால் படமே இல்லை. சம்பளப் பட்டியலில் அவர் பெயர் எத்தனையாவது வரிசையில் இருந்திருக்கும்?"