அடாப்டர் வோல்ட்டை மாற்றாது: நெல்லைக்குப் பெட்டி அடுக்கும் முன்

ஊருக்குப் பெட்டி அடுக்கும்போது எல்லோரும் எடையைத்தான் பார்க்கிறோம். கரண்டில் ஓடும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் இருக்கும் சிறிய எழுத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

டொராண்டோவிலிருந்து கொண்டுபோன இஸ்திரிப் பெட்டியை அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் மாட்டினேன். அடாப்டர் போட்டிருந்ததால் பயமில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது, ஃபியூஸ் போய் வீடே இருட்டானது. ஆச்சி நடுங்கிப்போனாள். அடாப்டர் பிளக்கின் கால்களைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது என்பது அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வருவது 120 வோல்ட். நம் ஊரில் 230. என் பெட்டியில் 120 வோல்ட், 1200 வாட் என்று போட்டிருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்: 1200 ÷ 120 = 10. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 120 ÷ 10 = 12 ஓம். பள்ளியில் படித்த ஓம் விதிதான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எந்த நாட்டுக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே 12 ஓம்தான். இப்போது நம் ஊர் வோல்ட்டைப் போடுங்கள்: 230 ÷ 12 = சுமார் 19 ஆம்பியர். அதை 230 ஆல் பெருக்கினால் சுமார் 4,400 வாட்! வோல்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடோ மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வோல்ட் கூடும்போது ஆம்பியரும் சேர்ந்து கூடுகிறதே, அதனால்தான்.

போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 100-240 என்று இருக்கும். அவற்றை அடாப்டரோடு தாராளமாக மாட்டலாம்.

லண்டன், சிங்கப்பூர்க்காரர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் 3,000 வாட் கெட்டில் கொண்டுவந்தால் ஆம்பியரைப் பாருங்கள்: 3000 ÷ 230 = 13. சுவரில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது, அதாவது 1,380 வாட்தான் தாங்கும். பழைய வீடுகளில் 5 ஆம்பியர். கெட்டிலை 16 ஆம்பியர் பெரிய பாயிண்டில்தான் மாட்ட வேண்டும். இடையில் போடும் அடாப்டரும் 13 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். அது தெரியாமல் சின்ன பாயிண்டில் மாட்டினால் பாயிண்ட் சூடேறி உருகும், வயர் தீப்பிடிக்கவும் கூடும்.

அப்புறம், சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்து 180க்கு இறங்கினால் அதே கெட்டில் சுமார் 1,840 வாட்தான் தரும். தண்ணீர் கொதிக்க நேரமாகும், கெட்டிலில் பழுது இல்லை. ஃபிரிட்ஜ், ஏ.சி. மோட்டார்களுக்குத்தான் லோ வோல்டேஜ் கெடுதல். வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.

நம் பாடப்புத்தகத்தில் ஓம் கணக்கும் மின்தடை, செய்தித்தாளில் கரண்ட் கட் ஆவதும் மின்தடை. இந்த இரண்டாவது மின்தடை வரும்போது இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும். அந்நேரம் கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ அதில் மாட்ட வேண்டாம்.

இப்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டியை நான் கொண்டுபோவதே இல்லை. நெல்லை டவுன் ரத வீதியில் ஒன்று வாங்கி, திரும்பும்போது ஆச்சி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.